இரவுக்குப் பூசிய கரி

ஒரு கறுத்த பெண்பிள்ளையின் முகத்தில், அவள் இன்னும் கறுப்பாகத் தெரியவேண்டும் என்று, விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினேன். பூசியது என் கை. பூசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம், சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழ்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வசதியும் இல்லை.

நாடு கதவைத் திறந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. உள்ளே என்னென்னவோ வந்து குவியப்போகிறது என்றார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கதவு வெளியே போவதற்குத்தான் பயன்பட்டது. வீட்டுக்கு ஒருவர் குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருந்தார். அவர்கள் அங்கே பட்ட பாடு இங்கே மொசைக் தரையாகவும், மொட்டைமாடி ஆன்டெனாவாகவும், பிள்ளைகள் கழுத்தில் டையாகவும் மாறியது. கொளுத்தும் வெயிலில் ஒரு பிள்ளை கழுத்தை இறுக்கிய டையோடு வயல் வரப்பில் நடந்து போனால், அது ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறது என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட பள்ளி ஒன்றுக்கு நான் முதல்வர். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் சாலையில், ஓட்டம் நின்றுபோன அரிசி ஆலையின் கிடங்கில் அது நடந்தது. ஆலைக்காரர்தான் பள்ளியின் தாளாளர். நெல்லைத் தீட்டி வெள்ளையாக்கிய அதே கூரையின் கீழ் பிள்ளைகளைத் தீட்டி வெள்ளைக்காரர்களாக்குவது அவர் திட்டம். தொழில் மாறவில்லை, சரக்குதான் மாறியது. மழைக்காலத்தில் வகுப்பறையில் தவிட்டு வாசனை வரும்.

முதல் ஆண்டு விழாவுக்கு என்ன செய்யலாம் என்று அவர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

"சார், இங்கிலீஷ்ல ஒரு டிராமா போடணும். ஜனங்களுக்குப் புரியணும்னு அவசியமில்ல. காதுல விழணும். அடுத்த வருஷம் அட்மிஷன் தானா வரும்."

புரியக்கூடாத நாடகம் வேண்டும் என்றால் என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்கமாட்டான். கல்லூரியில் பரிசாகக் கிடைத்த வடதேசப் புராணப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துப் பழைய மக்களின் கதைகள். அதில் பகல் என்பது ஒரு ஆள். அவர்கள் மொழியில் அவன் பெயர் டாகர். அதற்குப் பகல் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. அவன் அம்மா இரவு. அவள் அரக்கர் குலத்துப் பெண், கருநிறத்தாள். மூன்றாவதாக அவள் மணந்தவன் விடியலின் குலத்தைச் சேர்ந்தவன். அவர்களுக்குப் பிறந்த பகல் அப்பனைக் கொண்டு வெளுப்பாகவும் அழகாகவும் இருந்தான். கடவுள் அம்மாவையும் பிள்ளையையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு குதிரை கொடுத்து, வானத்தில் ஏற்றிவிட்டார். அம்மா முன்னால் போவாள். அவள் குதிரையின் கடிவாளத்திலிருந்து வழியும் நுரைதான் விடியற்காலைப் பனி. பின்னாலேயே மகன் வருவான். அவன் குதிரையின் பிடரி மயிர் சுடர்விடும். வானமும் பூமியும் அந்த வெளிச்சத்தில்தான் பிழைக்கின்றன. சூரியன் அங்கே தனி ஆள், அதன் கதை வேறு. பாதி வருடம் பகலையே ஒழுங்காகப் பார்க்காதவர்கள், கிடைத்த பகலுக்குக் குதிரை கொடுத்துக் கொண்டாடியிருக்கிறார்கள்.

ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொன்னேன். எங்கள் தமிழாசிரியர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"பகலுக்குன்னு ஒரு ஆளா? அவனுக்கு ஒரு குதிரை வேறயா? நம்ம ஊர்ல வெயில்தான் சார் ஆளு. வருஷம் பூரா லீவே போட மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அம்மா நல்ல கறுப்பு, நான் அப்பாவைக் கொண்டு வெளுப்பு. கறுப்பாக இருந்தாலும் சிவப்பாக ஒன்றைப் பெற்றுவிட்டாள் என்று அம்மாவை உறவுக்காரர்கள் பாராட்டுவதைக் கேட்டே வளர்ந்தவன். அந்தக் கதையை நாடகமாக எழுதிய நாட்களில் இது ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. படித்தவனுக்குப் புத்தகத்தில் இருப்பது புத்தகத்தோடு நின்றுவிடும்.

நாடகத்தில் பகலுக்குத்தான் வசனம். நீளமான, எதுகை மோனையெல்லாம் வைத்து நானே எழுதிய ஆங்கிலச் செய்யுள். இரவுக்கு ஒரு வரி கிடையாது. மேடையைச் சுற்றி வந்துவிட்டு ஓரமாக நிற்கவேண்டியதுதான்.

அந்த வசனத்தைப் பேசக்கூடிய பிள்ளை பள்ளியில் ஒன்றுதான் இருந்தது. எட்டாம் வகுப்புப் பெண். குத்தகை நிலத்தில் விவசாயம் செய்யும் குடும்பம். அப்பா குவைத்தில் லாரி ஓட்டினார். அந்தப் பெண் பேசும் ஆங்கிலத்தில் எங்கள் ஆசிரியர்கள் பேசியதைவிடத் தவறுகள் குறைவு. அந்த ஆசிரியர்களில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வசனத்தைக் கொடுத்த மறுநாளே முழுவதும் சொன்னாள். அறுப்பு நடக்கும் வயல் ஓரமாக உரக்கச் சொல்லிக்கொண்டே பள்ளிக்கு வருவாளாம். அறுக்கிறவர்கள் நிமிர்ந்து, "யாருடி இவ, அரிவாள கையில குடுத்தா இங்கிலீஷ்லயே அறுத்துருவா போல" என்று கேலி செய்வார்களாம். அவளே சொல்லிச் சிரித்தாள்.

"எங்க அப்பா வர்றாங்க சார்," என்றும் சொன்னாள். "பூத்துலேர்ந்து போன்ல பேசுனேன். நான்தான் பகல்னு சொன்னேன். லீவை முன்னாடியே கேட்டு வாங்கிட்டாங்களாம். முன் வரிசையில உக்காந்து பாக்கணும்னாங்க. வீடியோ கேசட்டும் வாங்கிட்டுப் போயி ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுவாங்களாம்."

அந்த மனிதர் பாலைவனத்தில் லாரி ஓட்டியதே மகள் மேடையேறி ஆங்கிலம் பேசுவதைக் கேட்கத்தான். இது எனக்குத் தெரியாதது அல்ல. அவள் வாயாலேயே கேட்டேன்.

விழாவுக்குச் சில நாள் முன்பு தாளாளர் ஒத்திகை பார்க்க வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லை என்பதால் அவருக்குப் பரம திருப்தி. போகும்போது, "எல்லாம் சரி சார். மேடை மட்டும் பளிச்சுனு இருக்கணும்" என்றார்.

டியூப் லைட்டைச் சொன்னாரா, திரைச்சீலையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கு எது வசதியோ அதைச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அப்போது தொலைக்காட்சியில் செய்திக்கு முன்னும் பின்னும் முகத்தை வெளுக்கவைக்கும் கிரீம் விளம்பரம்தான். கறுப்பாக இருந்தவளுக்கு வேலை கிடைக்காது, தடவிக்கொண்டால் கிடைக்கும். நாலு வாரத்தில் பகல் பிறந்துவிடும். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான். மறுநாள் காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பகல் வேடத்தைத் தாளாளரின் தங்கை பேத்திக்குக் கொடுத்திருப்பதாகவும், அவள் இனிமேல் இரவு, இரவு பேசாது என்றும் சொன்னேன்.

"ஏன் சார்? நான் எங்கயாவது தப்பாச் சொன்னேனா?"

"தப்பெல்லாம் இல்லம்மா. கதையில பகல் வெளுப்பா இருக்கான். அப்படித்தான் எழுதியிருக்கு. நான் என்ன பண்றது?"

"கதையில பகல் ஆம்பளைதானே சார்? அந்தப் பொண்ணும் பொண்ணுதானே. அது மட்டும் பரவாயில்லையா?"

பதில் இல்லாத வாத்தியார் என்ன செய்வானோ அதைச் செய்தேன். "எதிர்த்துப் பேசாத" என்றேன்.

தாளாளரின் தங்கை பேத்தி தங்கமான குழந்தை. அவளே வந்து அழுதாள். "எனக்கு மனப்பாடமே ஆகாது சார். அந்த அக்காவே சொல்லட்டும் சார்" என்றாள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தெரிந்த நியாயம் எனக்கு மட்டும் தெரியவில்லை. உண்மையில் அந்த வடதேசத்துக்காரன் யாராவது வந்து எங்கள் மேடையைப் பார்த்திருந்தால், பகல், இரவு, தாளாளர், தலைமை விருந்தினர், நான் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி அரக்கர் குலம் என்றே எழுதிக்கொண்டு போயிருப்பான். எங்களுக்குள் யார் பகல், யார் இரவு என்று நிறம் பிரித்து அடித்துக்கொள்வது அவனுக்கு விளங்கியே இருக்காது.

குதிரைகளுக்குத் தஞ்சாவூரிலிருந்து பொய்க்கால் குதிரைக் கூடுகள் இரண்டை வாடகைக்குக் கொண்டுவந்தோம். மூங்கிலும் காகிதமும் துணியுமாக, ஆட்டக்காரர் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் குதிரை. கட்டைக்கால் வேண்டாம், வெறுங்காலில் மாட்டிக்கொண்டு நடந்தால் போதும் என்று ஏற்பாடு. பகலின் குதிரைக்குப் பிடரி முழுக்க ஜிகினா ஒட்டினேன். இரவின் குதிரைக்குக் கரும்பலகைக்கு அடிக்கும் கறுப்புச் சாயத்தை அடித்தேன். கூட்டுக்குச் சொந்தக்காரர் விழாவன்று வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ராஜா ராணி ஏறுற குதிரை சார் இது! இனிமே இதுமேல கணக்குத்தான் போட்டுப் பாக்கணும்."

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, மேடைக்குப் பின்னால் இருந்த கீற்றுத் தடுப்புக்குள் போனேன். அந்தப் பெண் கறுப்புச் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றாள். பார்த்தேன். குதிரை அவளைவிடக் கறுப்பாக இருந்தது. இரவைவிட இரவின் குதிரை கறுப்பாக இருப்பது கலைக்கு அழகல்ல என்று எனக்குப் பட்டது. கிண்ணத்தில் கரியைக் குழைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றி, கன்னம், கழுத்து, கை என்று பூசினேன். பகலுக்கு ஒரு ஆசிரியை ரோஸ் பவுடர் அப்பிக்கொண்டிருந்தார்.

மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் நாடகம் தொடங்கியது. பந்தல் நிறைய கூட்டம். முன் வரிசையில் தலைமை விருந்தினருக்கும் தாளாளருக்கும் சோபா. அதற்கு அடுத்த நாற்காலிகளில் ஒன்றில் அந்தப் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெளிநாட்டுச் சட்டை, பக்கத்தில் மனைவி. அன்று காலைதான் ஊர் வந்து இறங்கியிருந்தார், வேடம் மாறியது அவருக்குத் தெரியாது. வீடியோக்காரரிடம் ஏதோ சொல்லி வைத்தார்.

இரவு முதலில் வந்தாள். மேடையைச் சுற்றிவந்து ஓரமாக நின்றாள். கூட்டத்தில் யாரோ "எருமை மேல எமன் வர்றான்டோய்" என்று கத்தினார்கள். சிரிப்பு. அந்த அப்பாவும் சிரித்தார். நான் தடுப்புக்குப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், சிரித்ததைப் பார்த்தேன்.

பிறகு பகல் வந்தது. ஜிகினா பிடரி டியூப் லைட்டில் மின்னியது, கைதட்டல் விழுந்தது. இரண்டு வரி சொன்னாள். மூன்றாவது வரியில் நின்றுபோனாள். முதல் இரண்டு வரியை மறுபடி சொன்னாள். மறுபடி நின்றாள். உதடு துடிக்க ஆரம்பித்தது.

அவள் தோளுக்குப் பக்கத்தில், எட்டித் தொடும் தூரத்தில், அத்தனை வரியும் தெரிந்தவள் நின்றுகொண்டிருந்தாள். "சொல்லு! எடுத்துக் குடு!" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து சீறினேன். முதல் வரிசைக்கே கேட்டிருக்கும். அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

பகல் அழுதுகொண்டே மேடையைவிட்டு இறங்கியது. கூட்டம் நாடகம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஆரவாரமாகக் கைதட்டியது. புரியாத நாடகம் போட்டதில் அந்த ஒரு லாபம். தலைமை விருந்தினர் தமது உரையில், பகலின் சோகத்தைக் குழந்தை தத்ரூபமாக நடித்துக் காட்டியதாகச் சொன்னார்.

இரவு உள்ளே வந்ததும் அவளிடம் கத்தினேன். "வேணும்னேதானே வாய மூடிக்கிட்டிருந்த?"

"இரவு பேசாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க," என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா தடுப்பை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சார், மன்னிச்சுக்குங்க. தொந்தரவு பண்றேன். எம் பொண்ணு எப்ப சார் வரும்? அடுத்த ஐட்டமா?"

மகள் அவருக்கு முன்னால்தான் நின்றாள். "அப்பா" என்றாள். குரலைக் கேட்டுத்தான் திரும்பினார். பார்த்தார். கிட்டே போய்ச் சேலையைத் தலையிலிருந்து விலக்கிப் பார்த்தார். என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட விஷயம், வாத்தியார் செய்தால் காரணம் இருக்கும் என்று நினைக்கிற தலைமுறை. "இதான் வேஷமா? சரி சரி, நல்லாத்தான் இருக்கு" என்றார். பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அவள் கண்ணோரத்தைத் துடைக்கப் பார்த்தார். எண்ணெயில் குழைத்த கரி. துடைத்தால் பரவும், போகாது. கைக்குட்டைதான் பாழானது.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவள் வகுப்பில் இருந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கண் மட்டும் சிவந்தே இருந்தது. நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். ஒரு நாள் அவள் அப்பாவே பள்ளிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், லீவு முடியப்போவுது. புள்ள இங்கிலீஷ்ல பேசறத ஒரு தடவ கேட்டுட்டுப் போயிடலாம்னு பாத்தேன். வீட்டுல பேசச் சொன்னா பேச மாட்டேங்குது. நீங்க சொன்னா பேசும்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதோ ஒரு பரிகாரம் தானாகவே நடந்து வந்து நிற்கிறது என்று தோன்றியது. மறுநாள் காலைக் கூட்டத்தில் அவளை மைக்கில் பேசவைக்கிறேன், பகலின் வசனம் முழுவதையும் அவள் சொல்வாள், நீங்கள் வந்து கேளுங்கள் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. மன்னிப்பு இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "சரி சார்" என்றாள்.

மறுநாள் காலைக் கூட்டம். ஆலையின் நெல் காயவைக்கும் களம்தான் எங்கள் மைதானம். பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக நின்றார்கள். தாளாளரும் வந்திருந்தார். அவள் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருந்தேன். அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

அவள் மைக்குக்கு வந்தாள். என் செய்யுளைச் சொல்லவில்லை. சொந்தமாகப் பேசினாள், ஆங்கிலத்தில், அவசரமில்லாமல். தமிழில் இப்படி வரும்:

"என் அப்பா வந்திருக்கிறார். அவர் கேட்பதற்காகப் பேசுகிறேன். நாடகத்தில் நான்தான் பகல். எல்லா வரிகளும் எனக்குத் தெரியும். நான் கறுப்பு என்பதால் சார் என்னை மாற்றினார். அது போதாது என்று என் முகத்தில் கரி பூசினார். அந்தக் கதையில் வெளிச்சம் குதிரையின் பிடரியிலிருந்து வருகிறது, குதிரைமேல் உட்கார்ந்திருப்பவன் முகத்திலிருந்து வரவில்லை. இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் சார்தான். அன்று என் அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நன்றி."

மூன்று நான்கு ஆசிரியர்களுக்குப் புரிந்தது. அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அப்போது அவள் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் தட்டியதும் பிள்ளைகள் தட்டினார்கள். தாளாளர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார் என் காதருகே. "டிராமாவுக்கு இந்தப் பொண்ணையே போட்டிருக்கலாமே சார்?"

அறைக்கு வந்தோம். தாளாளர் காபி சொல்லி அனுப்பினார். அவள் கதவோரம் நின்றாள். அப்பா இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"கேக்கவே சந்தோஷமா இருந்திச்சு சார். எனக்குத்தான் ஒண்ணும் விளங்கல. அங்க அரபிகிட்ட ரெண்டு வார்த்த அரபி, மேனேஜர்கிட்ட யெஸ் சார், அவ்வளவுதான் நமக்கு. என்ன சார் சொல்லிச்சு? அந்தக் குதிரைக் கதைதானே?"

தாளாளர் முந்திக்கொண்டார். "கதைதான்ப்பா! சார் சொல்லிக்குடுத்தது. அப்படியே ஒப்பிச்சுட்டா."

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அவர் சந்தோஷமாக விமானம் ஏறிவிடுவார். நல்லது செய்வதுபோலவே இருந்திருக்கும். அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாகச் சொல்லப்போவதில்லை என்பது தெரிந்தது. மொழிபெயர்ப்பது வாத்தியார் வேலை. செய்கிறானா பார்ப்போம் என்று நின்றாள்.

சொன்னேன். வரிவரியாக, அவள் சொன்ன வரிசையிலேயே. என்னைப் பற்றியதை மெழுகாமல் சொன்னேன். கறுப்பு என்பதால் என்ற இடத்தை இரண்டு தடவை சொன்னேன்.

காபி வந்தது. யாரும் எடுக்கவில்லை. தாளாளர்தான் பேசினார். "அட, மேக்கப்பு விஷயம்ப்பா. டிராமான்னா அப்படித்தான். இத போயி பெருசா…"

"இருங்கய்யா," என்றார் அவள் அப்பா. தாளாளர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் கேட்டார்: "இங்கிலீஷு எப்படி சார்? தப்பில்லாம பேசிச்சா?"

"ஒரு தப்புகூட இல்லீங்க."

"நீங்க எழுதிக் குடுக்கலையே?"

"இல்லீங்க. அதுவா பேசிச்சு."

தலையை ஆட்டிக்கொண்டார். மகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்துகொண்டார்.

"அப்ப இங்க கத்துக்க வேண்டியதக் கத்துக்கிச்சு சார். டி.சி. குடுத்துருங்க."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அங்கேயே, அவள் அப்பா, தாளாளர் இருவர் முன்னாலும். "தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன். அவள் "சரி சார்" என்றாள். மைக்கில் பேசச் சொன்னபோது சொன்ன அதே "சரி சார்". அதில் மன்னிப்பு இருந்ததா என்று நான் இத்தனை வருடம் தோண்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

அவர்கள் போனபிறகு தாளாளர் வெடித்தார். "நல்லாப் படிக்கிற பொண்ணு சார்! மாநில ராங்க்ல வந்திருக்கும், போட்டோ போட்டிருக்கலாம். உள்ளதச் சொல்றதுக்கா உங்கள சம்பளம் குடுத்து வெச்சிருக்கேன்?" ஆனால் என் வேலை போகவில்லை. போயிருந்தால் இதைக் கொஞ்சம் பெருமையோடு எழுதியிருப்பேன். உண்மையைச் சொல்லி வேலை இழந்தவன் என்று எனக்கு நானே ஒரு பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்கலாம். அவருக்கு வேறு எம்.ஏ. கிடைக்கவில்லை, எனக்கு வேறு பள்ளி கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு விழாவிலும் ஆங்கில நாடகம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். வேடங்களை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று மற்ற ஆசிரியர்களிடம் விட்டேன். அவர்கள் பிரித்த விதத்தைப் பார்த்தேன். வெளுத்த பிள்ளைகளெல்லாம் முன்னால் நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் மன்னார்குடியில் அரசு பெண்கள் பள்ளியில் சேர்ந்துவிட்டாள் என்று தெரியவந்தது. அப்பா திரும்பக் குவைத் போனார். பல மாதம் கழித்து, காலை நேரத்து டவுன் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். அரசுப் பள்ளிச் சீருடை, மடியில் புத்தகங்கள், பக்கத்தில் பேசிச் சிரிக்கும் தோழி. பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தடுமாறியதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"உக்காருங்க சார்."

"பரவால்லம்மா, நீ உக்காரு."

"இல்ல சார், நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்."

உட்கார்ந்தேன். படிப்பெல்லாம் எப்படி, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டாள். அடுத்த நிறுத்தம் வந்தது. அவள் இறங்கவில்லை. அதற்கடுத்ததிலும் இறங்கவில்லை. மன்னார்குடி வரை எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டே வந்தாள். நான் அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டே போனேன்.